வெளிக்காது

பெண்ணைக் கொடுக்கப் போன வீட்டில் ஒரு மணியை உடைத்துவிட்டு வந்தவன் நான். சம்மட்டியைப் பிடித்தது வேறு கை. ஆனாலும் உடைத்தது உங்கள் வாய்தான் என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். யார் உடைத்தது என்பதைப் படிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திருநெல்வேலியில் ஒரு துணிக்கடையில் முப்பது வருடம் பட்டுப்புடவைப் பிரிவில் நின்றவன் நான். வாயைத் திறந்தால் பாராட்டுத்தான் வரும். பச்சையை எடுத்தால் உங்கள் நிறத்துக்குப் பச்சைதான் எடுப்பு என்பேன். அதை வைத்துவிட்டு நீலத்தை எடுத்தால் நீலத்துக்கு ஈடு உண்டா என்பேன். வேலையை விட்டு மூன்று வருடமாகியும் பழக்கம் விடவில்லை. கல்யாண வீட்டு சாம்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாட்டு, பல் பிடுங்கிய டாக்டரின் கை, எல்லாமே எனக்கு ‘நல்லா இருக்கு’தான்.

என் மகள் மீனா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பிரதீபனைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஒருநாள் போனில் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். பையனுக்கு ஊர் யாழ்ப்பாணத்தில் உரும்பிராய். தகப்பனார் கனகரத்தினம் கோயில் மணி வார்ப்பவர். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் அதுதான் தொழில். என் மனைவிக்கு முட்டுவலி. ஆகவே வீடு பார்க்க நான் மட்டும் கிளம்பினேன். போன இடத்தில் எதையாவது குறை சொல்லி வைக்காதீங்க என்று சொல்லி அனுப்பினாள். அவளும் முப்பது வருடமாக என்னோடுதான் குடித்தனம் நடத்துகிறாள்!

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போய்ச் சேருவதற்குள் யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் நாலு தடவை போய்வந்துவிடலாம். பலாலி விமான நிலையத்தில் இறங்கியபோது கனகரத்தினம் அண்ணாச்சி வந்து நின்றிருந்தார். மெலிந்த உடம்பு, வெள்ளை வேட்டி, புருவம் பாதி இல்லை. உலைக்கு முன்னால் நின்று நின்று பொசுங்கியது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவரைவிட வயதான ஒரு கார் கொண்டுவந்திருந்தார். வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஓரிடத்தில் அது நின்றுவிட்டது. சம்பந்தி ஆகப்போகிறவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, சம்பந்தி ஆகப்போகிற நான் பின்னால் தள்ளினேன். வேட்டியெல்லாம் செம்மண். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி வந்து கூடத் தள்ளிக்கொண்டே நான் யார், என்ன விஷயமாக வந்தேன் என்றெல்லாம் விசாரித்தார். நல்ல சம்பந்தம் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

வண்டி கிளம்பியதும் நான், பழைய இரும்பு அண்ணாச்சி, கார் நல்லா இருக்கு என்றேன். அவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் அவர் மனைவி புவனம், மகள் தர்சினி, தர்சினியின் மூன்று வயதுக் குழந்தை. மருமகன் கோப்பாயில் பள்ளிக்கூட வாத்தியார், விடிந்தால் போய்விடுவார். புவனம் என்னிடம், கோப்பை கொண்டுவரட்டுமா என்று கேட்டார். காப்பி வரப்போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுத் தட்டு வந்தது. அங்கே அதற்குப் பெயர் கோப்பை. குத்தரிசிப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டார்கள். எங்கள் ஊரில் காரம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதெல்லாம் சும்மா. இரண்டாவது வாயில் கண் கலங்கியது, மூக்கு ஒழுகியது. நல்லா இருக்கு என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன். அண்ணாச்சி அப்போதும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சம்பந்தியை எடை போடுகிறார் என்று நினைத்தேன். எடைதான் போட்டிருக்கிறார், ஆனால் வேறு காரியத்துக்கு.

மறுநாள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையைக் காட்டினார். மணியின் பாதி உருவத்தை ஒரு பலகையின் விளிம்பில் வெட்டிக்கொள்கிறார்கள். நடுவில் நட்ட கம்பியைச் சுற்றி அந்தப் பலகையைச் சுழற்றினால் ஈரக் களிமண் மணி உருவத்துக்கு வழிக்கப்பட்டு நிற்கிறது. அதை வைத்து அச்சுச் செய்து, குழியில் இறக்கி, செம்பும் வெள்ளீயமும் உருக்கி ஊற்றுகிறார்கள். அப்பன் பலகையைப் பிள்ளை எடுத்து ஆள முடியாது. அவரவர் பலகையை அவரவர்தான் வெட்ட வேண்டும். வெட்டிய அன்றைக்கு அப்பனுடைய பலகை சுவருக்குப் போய்விடும்.

சுவரில் மூன்று பலகைகள் தொங்கின. தாத்தாவுடையது, அப்பாவுடையது, அண்ணாச்சியுடையது. தாத்தாவின் பலகையில் பிறந்த ஒரு மணி அரியாலைப் பக்கம் ஒரு வேதக்கோயிலில் இன்னும் ஞாயிற்றுக்கிழமை அடிக்கிறதாம். இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் அண்ணாச்சி சைக்கிளில் கட்டிக்கொண்டு போனது இந்தப் பலகைகளையும் ஓர் அரிசிப் பையையும்தான். தன் தையல் மெசினை விட்டுவிட்டு இந்தக் கட்டைகளைக் காப்பாற்றியவர் என்று புவனம் இத்தனை வருடம் கழித்தும் சொல்லிக் காட்டுகிறார். எங்கள் மாப்பிள்ளை பிரதீபனும் இருபது வயதில் ஒரு பலகை வெட்டினானாம். அது குசினியில், நம் அடுப்படியில், தண்ணீர்க் குடத்துக்கு அடியில் கிடக்கிறது. அவனுக்கு வராதது அக்காவுக்கு வந்துவிட்டது.

தர்சினி வெட்டிய பலகை வேலை மேசையில் இருந்தது. அதிலிருந்து வார்த்த அவளுடைய முதல் மணி உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கியது. ஒரு குடத்தைவிடப் பெரியது, இன்னும் பளபளப்பு ஏற்றாத மங்கல் மஞ்சள். தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு சின்ன வைரவர் கோயிலுக்கு என்றார்கள். கும்பாபிஷேகத்துக்கு ஐந்து நாள் இருந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். நாக்கு இல்லை.

நாக்கு ஏன் இல்லை என்று கேட்டபோதுதான் அண்ணாச்சி அந்த வழக்கத்தைச் சொன்னார். வார்த்தவர்கள் தங்கள் மணியை நல்லது என்று தாங்களே சொல்லக்கூடாது. வாங்குகிறவர்களும் சொல்லக்கூடாது. வீட்டாள், ஊராள், கோயிலாள் மூன்றும் இல்லாத ஒருவர் வந்து கேட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு வெளிக்காது என்று பெயர். வெளிக்காது சரி என்ற பிறகுதான் நாக்கு மாட்டுவார்கள். இல்லையென்றால் வார்த்தவரே உடைத்து, உருக்கி, மறுபடி வார்க்க வேண்டும். தாத்தா காலத்தில் உப்பு விற்க வந்தவர் கேட்டிருக்கிறார், ஒரு பாதிரியார் கேட்டிருக்கிறார். ஒருமுறை பாட்டுப் போட்டுக்கொண்டு வேனில் பாண், அதாவது ரொட்டி, விற்கிறவரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். நாள் முழுக்க அந்த வேன் பாட்டைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காதே மரத்துப்போயிருந்ததாம்.

“நாளைக்கு நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேணும்” என்றார் அண்ணாச்சி. “கலியாணம் இன்னும் நடக்கேல்லைத்தானே. அதுவரைக்கும் நீங்கள் வெளியாள்தான்.”

எனக்கு ஒரே பெருமை. அன்று ராத்திரியே மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள், உங்களுக்கு என்ன தெரியும் என்றாள். தெரியவேண்டியது என்ன இருக்கிறது, மணி அடித்தால் சத்தம் வரும், நல்லா இருக்கு என்று சொல்லப்போகிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் குளித்து, திருநீறு பூசி வந்த என்னைப் பட்டறையில் ஒரு கதிரையில் உட்காரவைத்தார்கள். புவனம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அண்ணாச்சி கையில் மரக் கொட்டாப்புளி. வடிவாகக் கேளுங்கோ என்றார். வடிவாக என்றால் ஒழுங்காக என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். தர்சினி சுவரோரம் நின்றாள். முப்பத்திரண்டு வயதுப் பெண், பிள்ளை பெற்றவள், பரீட்சை முடிவு பார்க்க வந்த மாணவி போலத் தாவணி நுனியைத் திருகாத குறையாக நின்றாள். மீனா பன்னிரண்டாம் வகுப்பு முடிவன்று அப்படித்தான் நின்றாள்.

அண்ணாச்சி ஒரு அடி அடித்தார். அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் தர்சினியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் அடங்குவதற்கு முன்பே என் வாய் திறந்துவிட்டது.

“பிரமாதம் அண்ணாச்சி. நல்லாப் பேசுது.”

புவனம் சிரிக்க ஆரம்பித்தார். இடுப்பிலிருந்த குழந்தை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தர்சினியும் சிரித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. புவனம்தான் சிரிப்புக்கு நடுவே விளக்கினார். நாம் பேசுவது என்பதை அவர்கள் கதைப்பது என்கிறார்கள். அவர்களுக்குப் பேசுவது என்றால் திட்டுவது. அம்மா பேசுவா என்று ஒரு பிள்ளை சொன்னால் அம்மா திட்டுவாள் என்று அர்த்தம். இந்த வீட்டில் மணிக்கும் அதே சொற்கள்தான். நல்ல மணி கதைக்கும், கெட்ட மணி பேசும். வெளிக்காது வாயிலிருந்து இந்த இரண்டு சொல்லில் ஒன்றைத்தான் எதிர்பார்ப்பார்களாம். முதலில் வரும் சொல்தான் தீர்ப்பு. நான் சந்தோஷமாகத் தலையை ஆட்டிக்கொண்டு, நன்றாகத் திட்டுகிறது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

“அண்ணை இந்தியாவாலை வந்தவர். உவை கதைக்கிறதைத்தான் பேசுறது எண்டு சொல்லுறவை. படத்திலை பாக்கிறேல்லையே” என்றார் புவனம். “நல்லது எண்டுதான் சொன்னவர். நாக்கை மாட்டுங்கோ.”

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. கொட்டாப்புளியைப் பார்த்தபடி நின்றார்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஒரு பெண்ணின் இத்தனை நாள் உழைப்பு என் வாயில் வரும் ஒரு சொல்லில் நிற்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. புடவையை நான் பாராட்டினாலும், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போவார்கள். இது அப்படி இல்லை. இன்னொரு தடவை அடியுங்கள், இந்தமுறை ஒழுங்காகக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தேவையில்லை, விளங்கினதுதானே என்று அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். தர்சினி வந்து அவர் கையிலிருந்து கொட்டாப்புளியை வாங்கி, தானே ஓங்கி அடித்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முதலில் வந்த சத்தம் அருமையாக இருந்தது. நெஞ்சுக்கூட்டில் வந்து உட்கார்ந்தது. மெல்லத் தேய்ந்துகொண்டே போனது. முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில், அடியில் இன்னொன்று இருந்தது. தம்ளருக்குள் மாட்டிக்கொண்ட ஈ மாதிரி ஒரு நடுக்கம். இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினேன். அடித்தாள். ஈ அங்கேயே இருந்தது. மூன்றாவது தடவையும் இருந்தது.

கண்ணைத் திறக்க எனக்கு மனமில்லை. திறந்தால் சொல்ல வேண்டும். நாலு நாளில் கும்பாபிஷேகம். இந்தப் பெண்ணுக்கு இது முதல் மணி. நான் இவள் தம்பிக்குப் பெண் கொடுக்க வந்தவன். யாருக்குக் கேட்கப்போகிறது அந்த ஈ? வைரவர் கோயிலில் மேளமும் சங்குமாக இருக்கும். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை, என் வாயில் கொட்டாவி போலத் தானாக வருகிற வார்த்தை, சொல்லிவிட்டுப் புட்டுச் சாப்பிடப் போகலாம். வாழ்க்கையில் முதல்முறையாக அது வரவில்லை.

“பேசுது அம்மா” என்றேன். “இந்தத் தடவை உங்க ஊர்ப் பேச்சுதான்.”

புவனத்துக்குக் கோபம் வந்துவிட்டது. என்மீது காட்ட முடியாமல் புருஷன் பக்கம் திரும்பினார். முதல் சொல்லுத்தானே கணக்கு, முதலில் நல்லது என்றுதானே சொன்னார், பிறகு மூன்று தரம் அடித்துக் கேட்டதெல்லாம் எந்த வழக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். நானே தலையை ஆட்டினேன்.

தர்சினிதான் பதில் சொன்னாள். “முதல் சொன்னதும் பேசுது. இப்ப சொன்னதும் பேசுது. இதிலை எங்கையம்மா ரெண்டு சொல்லு?”

குழந்தையை வீட்டுக்குள் கொண்டுபோகச் சொன்னாள். மணியை இறக்கி மணல் மூட்டைமேல் கவிழ்த்தாள். மூலையில் இருந்த சம்மட்டியை எடுத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்தாள். இரண்டு அடிக்கு அது பெரிதாகக் கத்தியது. மூன்றாவது அடிக்குச் சட்டி உடைகிற மாதிரி ஒரு மொட்டைச் சத்தம். அத்தோடு சரி.

பிறகு அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து உடைந்த முகத்தை வெயிலில் காட்டிப் பார்த்தாள். நானும் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்த்தேன். ஒரு ஓட்டை, ஒரு குமிழி, கொஞ்சம் கசடு, ஏதாவது இருக்காதா என்று தவித்தேன். ஒன்றும் இல்லை. சுத்தமான வெண்கலம். என் காது ஏமாற்றியிருந்தால் இந்தப் பெண்ணின் முதல் மணியை வீணாக உடைக்கவைத்தவன் ஆவேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதுக்கு என்று கேட்டாள். அழுதிருந்தாள், ஆனால் அதை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் யாரும் அதிகம் கதைக்கவில்லை. புவனம் எனக்கு ஒரு குறையும் வைக்காமல் பரிமாறினார், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நானும் எதையும் நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது. சாயங்காலம் மீனா கூப்பிட்டாள். விஷயம் அதற்குள் சிங்கப்பூர் போய்விட்டது. அப்பா, நீங்க எதையாவது சரியில்லைன்னு சொல்லி நான் கேட்டதே இல்லையே, போயும் போயும் அங்கேயா ஆரம்பிச்சீங்க என்றாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு அன்று தூக்கமில்லை.

நாலாம் நாள் அண்ணாச்சி, கோயில்காரரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டார். கார் மறுபடி படுத்துவிட்டதால் பஸ்ஸில் போனோம். எங்கள் ஊர் மினிபஸ் போலத்தான், பாட்டுச் சத்தம் மட்டும் கொஞ்சம் கூட. அண்ணாச்சி வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோயில் தலைவர் ஒரு மீன்பிடிப் படகுக்குச் சொந்தக்காரர், கட்டைக் குரல். மணி இல்லை என்றதும் முகம் கறுத்துவிட்டது. மைக்கில் அறிவித்தாயிற்று, நோட்டீஸ் அடித்தாயிற்று, ஐயருக்கு என்ன சொல்ல என்று அடுக்கினார். அண்ணாச்சி எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டுக்கொண்டார். கடைசியில் தலைவர், பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் மணியை இரவல் வாங்கிக் காரியத்தை முடிக்கலாம், புது மணி வரும்போது வரட்டும் என்று ஒருவாறு இறங்கி வந்தார். பிறகு, உடைஞ்ச மணியை ஆர் வாத்தது என்று கேட்டார்.

“என்ரை மகள்.”

“இனி வாக்கப்போறது?”

அண்ணாச்சி, “அவள்தான்” என்றார்.

தலைவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. வரும் வழியில் சந்நிதி முருகனைக் கும்பிட்டுவிட்டு, அங்கே அன்னதானத்தில் உட்கார்ந்தோம். பரங்கிக்காய்க் கறியும் பருப்பும். பக்கத்து இலைக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு நான் இந்தியாவா என்று விசாரித்து, தன் அப்பளத்தை எனக்கு வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸுக்கு டயர் போனது. பாலத்துக்கு இந்தப் பக்கம், கடல்நீரேரி ஓரமாக எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். நிழல் இல்லை. தண்ணீரில் இரண்டு பேர் இடுப்பளவு நின்று வலை வீசிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். பக்கத்தில் எனக்கும் இடம் விட்டார்.

“பிள்ளை வாத்து எடுத்த அண்டைக்கே எனக்குக் கேட்டது” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

“அந்த அடிச்சத்தம். நுனியிலை நடுங்கினது. விளிம்பு மெல்லிசாப் போச்சு. பலகையிலை பிழை. பாத்த உடனை தெரிஞ்சது. சொல்ல மனம் வரேல்லை. அவள் ஏழு மாசமா அந்தப் பலகையோடை கிடந்தவள்.”

வலைக்காரர் ஒருவர் வெறும் வலையை உதறிவிட்டு மறுபடி வீசினார். அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வெளிக்காதுக்கு முதலில் அவர் நினைத்து வைத்திருந்தது சுன்னாகத்தில் மிருதங்கம் வாசிக்கிற ஒருவரை. அவர் வந்தால் பிடித்துவிடுவார் என்று பயந்து கூப்பிடாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நேரத்தில்தான் நான் போய் இறங்கியிருக்கிறேன்.

“நீங்கள் ஒண்டையும் பிழை சொல்லாத மனிசன் எண்டு எனக்கு விளங்கிட்டுது. அதுதான் உங்களைக் கேட்டனான். நீங்கள் பேசுது எண்டோடனை நான் பிடிபட்டுப் போனன் எண்டுதான் நினைச்சன்.” துண்டை இழுத்து முகத்தைத் துடைத்தார். “எங்கடை அப்பு, அப்பா ஒருத்தரும் இப்பிடிச் செய்யேல்லை. உங்கடை பிள்ளையை எங்கடை வீட்டுக்குத் தாறீங்கள். இவன் இப்பிடி ஒருத்தன் எண்டு தெரிஞ்சுகொண்டு தர வேணும்.”

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. மீனாவின் பரீட்சை முடிவன்று கணக்கில் குறைந்த மார்க்கைப் பார்த்துவிட்டு, திருத்தியவனுக்குக் கண் தெரியவில்லை என்று நான் சாதித்தது நினைவுக்கு வந்தது. அவளும் அதை நம்பிக்கொண்டு ஒரு வருடத்தைத் தொலைத்தாள். அவள் கையில் அன்று ஒரு சம்மட்டி கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

“அண்ணாச்சி, முதல் தடவை நான் கேட்கவே இல்லை” என்றேன். “உங்க பொண்ணு முகத்தைப் பார்த்தேன், சொல்லிட்டேன். மணி அடிக்காம இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாதிப் புருவம் மேலே போனது. பிறகு இரண்டு பேருமே சிரித்தோம், ரொம்ப நேரம். டயர் மாற்றிக்கொண்டிருந்த கண்டக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

பஸ் சரியானதும் எல்லோரும் ஏறினார்கள். அண்ணாச்சி எனக்கு ஜன்னலோரம் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாலம் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு, தர்சினி உடைந்த துண்டுகளை அளந்து பார்த்துப் பிழையைப் பிடித்து, காலையிலேயே பலகையின் விளிம்பைச் சீவத் தொடங்கிவிட்டாள், அடுத்த மாதம் வார்த்துவிடுவாள் என்றார். வெளிக்காதுக்குத்தான் வேறு ஆள் தேட வேண்டும் என்றார். ஏன், என் காதில் இன்னும் நம்பிக்கை வரவில்லையா என்று கேட்டேன்.

“காதிலை ஒரு பிழையும் இல்லை” என்றார். “நீங்கள் இனி வெளியாள் இல்லை.”